பின்பக்கத்து இடது சக்கரம்

மாலை நாலே காலுக்கு அத்தையின் ஜீப் நிற்க மறுத்தது. நேரத்தை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், வாய்க்கால் பாலத்தின் மறுபக்கத்திலிருந்து அப்போது எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது நாலே கால் பஸ். அது ஒருபோதும் பிந்தி வந்ததில்லை. அன்றைக்காவது பிந்தியிருக்கலாம்.

அத்தை என் அப்பாவின் ஒரே தங்கை. கிணத்துக்கடவுக்குத் தெற்கே அவளுக்குத் தென்னந்தோப்பு இருந்தது. மாமா நெஞ்சுவலியில் இறந்த பிறகு தோப்பை யார் பார்ப்பது என்று பேச்சு வந்தது. நான் பார்க்கிறேன் என்றார் அப்பா. என் தோப்பை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள் அத்தை. தைப் பொங்கல் வரைக்கும் அவள் பார்க்கட்டும், சரிப்படாவிட்டால் அண்ணன் பொறுப்பில் விட்டுவிட வேண்டும் என்று உறவுக்காரர்கள் கூடி முடிவு செய்தார்கள். அத்தை தலையாட்டினாள்.

காய்களை மண்டிக்குக் கொண்டுபோக மாமாவின் பழைய ஜீப் இருந்தது. வரப்பு, சேறு, கல் எதையும் பொருட்படுத்தாத முரட்டு வண்டி. ஓட்டுவதற்கு மாமாவே அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அது எங்கே வேண்டுமானாலும் போகும். அந்த வருடத்து ஐப்பசி மழைக்குப் பிறகு நிற்பதில்தான் சுணக்கம் காட்டியது.

காலையில் காலியாகப் போகும்போது பிரேக் பிடிக்கும். காய் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வரும்போது மிதி கட்டைபோல இறுகி நிற்கும், வண்டி மட்டும் தன்பாட்டில் ஓடும். அரையாண்டுப் பரீட்சை லீவுக்கு நான் போயிருந்தபோது அத்தை தரையில் படுத்து வண்டிக்கு அடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்து இடது சக்கரத்தின் உட்புறத்தில் எண்ணெய் வழிந்து புழுதி அப்பியிருந்தது. பழைய சேலைத் துணியால் துடைத்துவிட்டு மறுநாள் பார்த்தோம். மறுபடியும் வழிந்திருந்தது. விரலில் தொட்டு என் மூக்குக்கு நேரே நீட்டினாள். கியர் ஆயில் வாடை. அச்சிலிருந்து எண்ணெய் டிரம்முக்குள் கசிந்து பிரேக் லைனரை ஊறவைக்கிறது, பாரம் ஏறினால் பிடி வழுக்குகிறது என்று சொன்னாள். எனக்கு அது புரியவில்லை. அவள் முகத்தில் எண்ணெய்க் கோடு இருந்தது மட்டும் வேடிக்கையாக இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். காலி ஜீப்பைச் சமதளத்தில் ஓட்டிக்கொண்டுபோய் ஒரே மிதி. வண்டி மண்ணில் கோடு கிழித்துக்கொண்டு நின்றது. அவர் கூட்டி வந்திருந்த பட்டறைக்காரரும் அதேபோல ஓட்டினார், அதேபோல நின்றது.

“பிரேக்கு ஜம்முனு நிக்குதுங்க அம்மணி. பூவ மிதிக்கற மாதிரி மிதிச்சா வண்டி எப்படீங்க நிக்கும்?” என்றார் பட்டறைக்காரர்.

“அப்படீங்களா? அப்ப இனிமே ரெண்டு உருண்டை களி சேத்தித் தின்னுபோட்டு வந்து மிதிக்கறனுங்க” என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள் அந்தச் சக்கரத்தை மட்டும் கழற்றிப் பார்க்கச் சொன்னாள்.

“நல்லா இருக்கற வண்டியப் பிரிச்சுப் போட்டா வேலை இழுத்துக்கும் கண்ணு. உன்ற காலுக்குத்தான் இன்னும் பழக்கம் பத்தல” என்றார் அப்பா. பட்டறைக்காரர் பிரேக்கைக் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போனார். நாலைந்து நாள் நன்றாகத்தான் பிடித்தது.

அதன்பின் சாயங்காலங்களில் அத்தை ஒரு காரியம் செய்தாள். நிறுத்தி வைத்த ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து மிதித்து விடுவாள். நான் பின்னால் ஏறிக் கண்டக்டர் ஆனேன். “பொள்ளாச்சி, பொள்ளாச்சி” என்று கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே மிதிப்பாள். கால் வலியில் இரவு வெந்நீர் ஊற்றிக்கொண்டதையும் பார்த்திருக்கிறேன். தன் கண்ணால் கண்ட எண்ணெயை விட்டுவிட்டு, தன் காலைச் சந்தேகப்பட அவள் பழகிக்கொண்டிருந்தாள்.

இப்போது என் மகள் கோயம்புத்தூரில் ஸ்கூட்டரில் கல்லூரிக்குப் போகிறாள். அந்த வண்டியின் பிரேக்கை நான் பிடித்துப் பார்ப்பதில்லை. அவளைப் பிடிக்கச் சொல்லிப் பார்க்கிறேன். “தினமும் இதே ரோதனைங்கப்பா” என்கிறாள். போன வாரம் அவள், முன் பிரேக் என்னவோ மாதிரி இருக்கிறது என்று சொன்னாள். நான் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு பஸ்ஸில் அனுப்பிவிட்டேன்.

ஜீப் நிற்க மறுத்த அன்றைக்கு, காய் ஏற்றிய வண்டியை அத்தை பாலத்து இறக்கத்தில் இரண்டாவது கியரில்தான் இறக்கினாள். பாலம் ஒரு வண்டி போகும் அகலம். பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. அத்தை மிதித்தாள். பிறகு இரண்டு காலாலும், இருக்கையிலிருந்து எழும்பி நின்று மிதித்தாள். வண்டி போய்க்கொண்டே இருந்தது. பாலத்துக்குச் சற்று முன்னால் ஸ்டியரிங்கை ஒடித்து, கிளுவை வேலிக்குள் விட்டாள். வேலி எங்களைப் பிடித்து நிறுத்தியது. என் நெற்றி ஜீப்பின் கம்பியில் மோதிக் கிழிந்தது. காய்கள் சரிந்து இறக்கத்தில் உருண்டு, சில வாய்க்காலில் விழுந்து மிதந்து போயின.

அத்தை தன் முந்தானையைக் கிழித்து என் நெற்றியில் கட்டினாள். அவள் அழவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் காய் பொறுக்கிக் கொடுத்தார்கள், அறிவுரையும் கொடுத்தார்கள். “பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்றார் ஒருவர். இன்னொருவர், வேலியில் சிக்கி நின்ற ஜீப்பில் ஏறி மிதித்துப் பார்த்துவிட்டு, “மிதி கல்லாட்ட இருக்குதே!” என்று தீர்ப்பு சொன்னார். ஓர் அடிகூட நகர முடியாத வண்டியில் பிரேக் நன்றாகத்தான் இருந்தது.

யாரோ எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்திருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் அப்பா வந்தார். நேராக என்னிடம் வந்து, கட்டுத் துணியை விலக்கிக் காயத்தைப் பார்த்தார்.

“அண்ணா, இந்தச் சக்கரத்த மட்டும் ஒருக்கா வந்து பாருங்களேன்” என்றாள் அத்தை. டயரின் உட்புறம் எண்ணெய் வெயிலில் மின்னியது.

தை மாதம் கழிந்து அப்பா அந்தச் சக்கரத்தைக் கழற்ற வைத்தார். லைனர் எண்ணெயில் ஊறிக் கறுத்துக் கிடந்தது. அச்சில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவரே தோப்பைப் பார்த்துக்கொண்டு அந்த ஜீப்பை வருடக்கணக்கில் ஓட்டினார். ஆனால் அன்றைக்கு அவர் சக்கரத்தின் பக்கம் திரும்பவில்லை. அத்தையின் தலையில் கை வைத்தார். அப்பா அவ்வளவு அன்பாகப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை. அதுவரை அழாமல் நின்ற அத்தை, அதைக் கேட்டதும் ஏன் அப்படி உடைந்து அழுதாள் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

“வெசனப்படாத கண்ணு. இனி நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம். எல்லாத்தையும் அண்ணன் பாத்துக்கறேன்.”