மகள் வருமுன் அடிக்க வேண்டிய சட்டம்

போன வருஷம் மழைக்கு முன்னால் என் மனைவி இறந்துபோனாள். மழையில் வாய்க்கால் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. அவள் படுத்திருந்த அறையில், கதவைச் சுற்றியும் சுவரடியிலும் அடித்திருந்த சட்டமெல்லாம் ஊறிப் பருத்தது. மரத்தூளை அழுத்திச் செய்த சட்டம். அவள்தான் ஆசைப்பட்டு வாங்கினாள். டீயில் போட்ட பிஸ்கட் மாதிரி ஆகிவிட்டது. அப்படியே விட்டிருந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மகளுக்கு ஆறாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். தாய் இல்லை, வீடு இருந்தது. அவள் மாமியார் வந்து அறையைப் பார்த்தார். சட்டத்தை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. இந்த ஈரத்துல புள்ளத்தாச்சிய எப்படிப் படுக்க வைக்கிறது? நாங்களே பாத்துக்கிறோம்."

"சரி பண்ணிடுறேன்" என்றேன்.

"அவ வர்றதுக்குள்ள முடிங்க. வந்தப்புறம் ஒரு ஆணி அடிக்கக் கூடாது."

அது தெரியும். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் எங்கள் பக்கம் ஆணி அடிக்க மாட்டோம்.

ஆசாரியைக் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர் போனேன். கடையில் தேக்கு காட்டினார்கள். முன்பு இருந்தது மாதிரி மரத்தூள் சட்டத்தையும் காட்டினார்கள். இன்னொன்று இருந்தது. சின்னச் சின்ன மரத்துண்டுகளைப் பல் வெட்டி, இரண்டு கை விரலையும் கோத்த மாதிரி ஒட்டிய சட்டம். வெள்ளை பிரைமர் அடித்தே வருகிறது.

"என்னண்ணே, ஒட்டுப் போட்ட வேட்டியா வாங்கப் போறீங்க?" என்றார் ஆசாரி.

"பெயிண்ட் அடிச்சா ஒட்டு தெரியாதுங்க" என்றார் கடைக்காரர். "வார்னிஷ் அடிச்சாத்தான் தெரியும். மரத்துல உள்ள முடிச்ச வெட்டிப் போட்டுட்டு நல்ல துண்டா சேக்குறது. முறுக்காது."

"அப்ப என் மச்சானையும் வெட்டி ஒட்டிக் குடுங்க. அவனும் முறுக்காம இருப்பான்."

கடையில் சிரித்தார்கள். நான் சிரித்தேனா என்று நினைவில்லை.

தேக்குக்கு வார்னிஷ் வேண்டும். அந்த வாடை மகளுக்கு ஆகாது. இதற்குத் தண்ணீர் பெயிண்ட் போதும். இதையே எடுப்பதென்று முடிவு செய்தேன்.

வரப்பு நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஒட்டின் மேல் கட்டைவிரலை ஓட்டினேன். விரலில் தட்டினால் பெயிண்டுக்கு மேலும் கோடு தெரியுமாம். தட்டியதை ஒதுக்கினேன். நகம் பட்டு பிரைமர் மாவாய் உதிர்ந்ததையும் ஒதுக்கினேன். சிலவற்றில் பின்பக்கம் பிரைமர் இல்லை. சுவர் ஈரம் அந்தப் பக்கம்தான் ஏறும். நாலு பக்கமும் வெள்ளையாக இருந்ததை மட்டும் எடுத்தேன்.

"பொண்ணு பாக்கப் போனப்பகூட இவ்ளோ பாத்திருக்க மாட்டீங்க" என்றார் ஆசாரி.

"பாக்கலதான்" என்றேன்.

அவர் சட்டங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினார்.

சட்டங்களை வாசலில் வைத்தே பெயிண்ட் அடித்துக் காயவைத்தோம். தரைக்கு மேல் ஒரு விரல் இடம் விட்டு ஆசாரி அடித்தார். அறுத்த முனை வெறும் மரம். அதற்கு நான் பிரைமர் தொட்டு வைப்பேன். காய்ந்த பிறகு அடிப்பார்.

கதவின் இடது பக்கச் சட்டம் மட்டும் மிச்சம். முனை காய்ந்துகொண்டிருந்தது. வாசலில் கார் நின்றது. போன் செய்திருக்கிறார்கள், ரம்பச் சத்தத்தில் கேட்கவில்லை.

"எட்டாம் மாசம் பொறக்கப் போவுது. அதுல கூட்டிட்டு வரக் கூடாதுன்னு இன்னிக்கே வந்துட்டோம்" என்றார் சம்பந்தியம்மா. மகள் இன்னும் காருக்குள்தான் இருந்தாள்.

அவர் மட்டும் அறைக்குள் போனார். சுவரடிச் சட்டத்தை அழுத்தினார். விரல் போகவில்லை. இன்னொரு இடத்தில் அழுத்தினார். பிறகு கதவின் இடது பக்கத்தைப் பார்த்தார். அங்கே சட்டம் இல்லை. ஆசாரி கையில் சுத்தியல் இருந்தது.

"அது?"

"அது கெடக்கட்டும்மா" என்றார் ஆசாரி. "பேரப்புள்ள பொறந்து வளந்து அடிச்சுக்குவான்."

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

"எறங்கும்மா. பாத்து."

மகள் என்னைப் பார்த்தாள். "சாப்டீங்களாப்பா?" என்றாள். சாப்பிட்டேன் என்றேன். அம்மாவின் கட்டிலில் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஆசாரி சுத்தியலைப் பைக்குள் போட்டார். நான் மிச்ச ஆணிகளைக் காகிதத்தில் மடித்துப் பரணில் வைத்தேன். அந்தச் சட்டத்தைக் கதவோரம் சாய்த்து வைத்தேன். இன்னும் அங்கேதான் நிற்கிறது.