அமீர் பாஷாவின் கழுத்து

சவரக்கத்தி தொண்டையில் இருக்கும்போது மற்றவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அமீர் பாஷா மெயில் பார்ப்பார். போர்த்திய துணிக்கு அடியிலிருந்து போன் எழும். கட்டைவிரல் திரையைக் கீழே இழுக்கும். புதிதாக ஒன்றும் இருக்காது. மறுபடி இழுக்கும். “ஆடாதீங்க பாய். இத்தாலிக்காரன் எங்கயும் போமாட்டான், நீங்கதான் போய்டுவீங்க” என்பார் முடிதிருத்தும் காசிநாதன்.

ஆம்பூரில் ஷூ ஏற்றுமதி செய்யும் கம்பெனி ஒன்றில் இத்தாலி முதலான வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிப்பது இவர் உத்தியோகம். “மெயில் வந்தா பேஜார். வரலன்னா ஜாஸ்தி பேஜார்” என்பது அனுபவ உண்மை. மெயில் ஓய்ந்த நேரத்தில் செய்திச் சேனல். எந்தக் கடலில் புயல் என்றாலும் உடனே தெரிந்துவிடும். மாடியில் தொட்டி நிரம்பி வழிவது மட்டும் காதில் விழாது. “என் மூஞ்சிய ஒரு தரம் அப்படி இழுத்துப் பாத்திருந்தா, எனக்கும் எதுனா புதுசா வந்திருக்கும்” என்பார் மனைவி ஜஹீருன்னிசா.

ரம்ஜானின் கடைசிப் பத்து நாளும் பள்ளிவாசலை விட்டு வெளியேறாமல், ஒரு மூலையில் திரை கட்டித் தங்கி இறைவனை மட்டும் நினைப்பது இஃதிகாஃப். போன வருஷம் அமீர் பாஷா இருந்து பார்த்தார். தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளூ செய்யப் போன இடத்தில் யாரோ ஒருவரின் போனை வாங்கி மெயிலைத் திறந்தார். ஷூ தோலின் பழுப்பு நிறத்தில் சிவப்பு தூக்கலாக இருக்கிறதாம். கட்டிய லுங்கியோடு கம்பெனிக்கு நடந்துவிட்டார். கலர் சரியாச்சு, இஃதிகாஃப் போச்சு.

இந்த வருஷம் போன் ஜஹீருன்னிசாவின் பீரோவில். “இந்தத் தரமும் ஓடி வந்தீங்கன்னா, நேரா அந்தப் போனையே கட்டிக்கங்க.” ஆபீஸ் வேலை உதவி மேனேஜர் ஷோயபிடம். “கப்பலே முழுகினாலும் எங்கிட்ட சொல்லாத. தெரிஞ்சா என் கால் நிக்காது” என்று அமீர் பாஷா ஆணையிட்டிருந்தார். ஷோயப் சொல்லவில்லை. ஆனால் தினமும் அதே பள்ளிவாசலுக்குத்தான் தொழ வருவார்; பழக்கதோஷத்தில் மேனேஜருக்கு வலப்பக்கம் நிற்பார். வாயை மூடிக்கொள்ளத் தெரிந்தவர்தான். முகத்துக்கு அந்தப் பயிற்சி இல்லை.

தொழுகையின் முடிவில் முதலில் வலப்பக்கமும் பிறகு இடப்பக்கமும் திரும்பி சலாம் சொல்ல வேண்டும். அமீர் பாஷாவின் கழுத்து வலப்பக்கம் போய் அங்கேயே நின்றது. இமாம் துஆவுக்குக் கையேந்திவிட்டார். இவர் இன்னும் ஷோயபின் மூக்கைப் படித்துக்கொண்டிருந்தார்.

“மூக்கு சுருங்கிச்சு. இன்னாவோ நடந்திருக்கு” என்றார், பக்கத்துத் திரைக்காரரான துணிக்கடை அப்துல் வஹாபிடம்.

“இது தொழுகையா பாய், இன்பாக்ஸா?” என்றார் அவர்.

மறுநாள் ஷோயப் முகக்கவசம் போட்டு வந்தார். கேட்டவர்களிடம் ஜலதோஷம் என்றார். அமீர் பாஷா புருவங்களைப் படித்தார்.

இஃதிகாஃபை முடித்துவைக்கும் பிறை தெரிய ஒரு நாள் இருக்கலாம், இரண்டு நாள் இருக்கலாம். அன்றைக்கு இத்தாலியின் முடிவு வரும் நாள். ஆர்டர் மொத்தமும் அந்தப் பதிலில் நின்றது. மாலை அஸர் தொழுகைக்கு ஷோயப் ஓட்டமாக வந்து வரிசையில் சேர்ந்தார். கவசத்தை மறந்துவிட்டிருந்தார். மூச்சு இரைப்பது இரண்டு வரிசை தாண்டிக் கேட்டது. அப்துல் வஹாப் தொண்டையைக் கனைத்தார்.

தொழுகை முடிந்து இமாமின் சலாம் கேட்டது. அமீர் பாஷா கழுத்தை வலப்பக்கம் முழுசாகத் திருப்பி, ஷோயபின் முகத்துக்கு நேராக, கண்களை இறுக மூடிக்கொண்டு சலாம் சொன்னார்.