அக்கா வீட்டு ஹால்

என் அக்கா பத்தொன்பது வருடம் கடற்கரைப் பெரிய ஹோட்டலில் அறை சுத்தம் செய்தவள். நாளுக்குப் பதினாறு அறை. இடுப்பு விட்டுப்போனதைப் பற்றிக்கூட அவள் அதிகம் பேச மாட்டாள். அவள் வயிற்றெரிச்சல் வேறொன்று. காரிடாரில் விருந்தினர் எதிரே வந்தால் வேலைக்காரர்கள் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கசங்காத படுக்கை வேண்டும், அதை விரித்தவள் மூஞ்சி வேண்டாம். பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய கூட்டத்தில் ஒருவருக்கும் அக்காவைத் தெரியாது.

அந்த வேலையை உதறிவிட்டு, வீட்டில் இரண்டு அறைகளுக்கு வெள்ளையடித்து, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தாள். சாப்பாடு எங்களோடு, ஹாலில், ஒரே மேசையில். நானும் அவளோடுதான் இருக்கிறேன், வேன் ஓட்டுகிறேன். முதலில் வந்தது ஒரு வயதான தம்பதி. காலையில் அவர்கள் கதவைத் திறந்துகொண்டு வர, ஹாலைப் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா சட்டென்று துடைப்பத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட்டாள். சொந்த வீட்டில்! பல்லி கில்லி இருக்கிறதோ என்று அந்த அம்மாளும் பக்கத்தில் போய் நின்று சுவரை உற்றுப் பார்த்தார். நான் சிரித்துத் தொலைத்துவிட்டேன். அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள். அந்த ஹோட்டல் மேல் அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டு வருடம் அறைகள் ஓரளவு நிரம்பின. பெரிய ஹோட்டலில் கூட்டம் குறைந்தது. இப்போது எல்லோருக்கும் சின்ன இடம், வீட்டுச் சூழல் வேண்டுமாம். ஹோட்டல்காரர்களுக்கு மூக்கில் வியர்க்காமல் இருக்குமா? மேனேஜர் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால், தங்க வருகிறவர்களை ஹோட்டலே அனுப்புமாம். எல்லா வீட்டிலும் ஒரே திரைச்சீலை, ஒரே சோப்பு. ஒப்பந்தத்தின் ஏழாவது வரியை அக்கா விரல் வைத்துப் படித்தாள். விருந்தினர் ஹாலில் இருக்கும் நேரத்தில் குடும்பத்தார் அங்கே வரக் கூடாது.

"வீடு மாதிரி இருக்கணும். ஆனா வீட்டுக்காரங்க கண்ணுல படக்கூடாது. அவ்ளோதாம்மா" என்றார் மேனேஜர், ரொம்பச் சாதாரணமாக.

அக்கா தாளை மடித்து அவரிடமே நீட்டினாள். "நான் நாலு பேர் கண்ணுல படணும்னுதான் சார் அங்கேருந்து வெளிய வந்தேன்."

பக்கத்து வீட்டுத் தையல்காரி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். வீடு தேடி வந்த வாய்ப்பை உதைத்துத் தள்ளிய பைத்தியம் என்று அக்காவைத் தெரு முழுக்க ஏசினாள். அவளைப் பார்த்து இன்னும் ஏழு வீட்டார் போட்டார்கள். எங்கள் அறைகள் ஒன்றரை மாதம் காலியாகக் கிடந்தன. திரும்ப அந்தக் காரிடாருக்கே போக வேண்டியதுதானா என்று அக்கா ஒருநாள் என்னைக் கேட்டாள்.

போன வாரம் முதுகில் பையோடு ஒருவர் வந்து ஓர் அறை எடுத்தார். மத்தியானம் அவரோடு நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது தையல்காரி வாசலில் வந்து நின்றாள். அவள் எங்கள் வீட்டுப் படி மிதித்து மாதங்கள் ஆகியிருந்தன.

"இங்க கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா? வீட்ல கெஸ்ட் சாப்பிடறாங்க."

அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். தையல்காரி உட்காரவில்லை, திரும்பிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வெயிலில் அவள் புருஷனும் மாமியாரும் நின்றிருந்தார்கள், கையில் ஆளுக்கொரு சோற்றுத் தட்டோடு.