திரும்பாத டார்பிடோ குழாய்

ஷார்ஜா தொழில்பேட்டையில், கப்பல் மாடல் செய்யும் பட்டறையில் எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கம்பெனி ரிசப்ஷன்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்குமே எண்ணெய்க் கப்பல், அதுதான் எங்கள் பிழைப்பு. போர்க்கப்பல் ஒரே ஒரு தடவைதான் செய்தேன். வசமாக மாட்டிக்கொண்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. அடித்துவிட்ட மூன்று வரி

துபாயில் குடியிருக்கும் வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். எண்பது வயது ஆகப்போகிறது. அவருடைய தாத்தா, நூறு வருஷத்துக்கு முன் பிரிட்டிஷ் கடற்படையில் டெஸ்ட்ராயர் கேப்டன். டெஸ்ட்ராயர் என்றால் நாசகாரிக் கப்பல்: ஒல்லி உடம்பு, நாலு புகைபோக்கி, அசுர வேகம். பிறந்தநாள் விருந்துக்கு அந்தக் கப்பலின் மாடல் வேண்டும், கீழே பித்தளைத் தகட்டில் தாத்தாவின் சர்வீஸ் விவரம் வேண்டும் என்றார். பழைய டிராயிங்கையும் சர்வீஸ் ரெக்கார்டு நகலையும் கொடுத்தார். ரெக்கார்டில் மூன்று வரியைப் பென்சிலால் அடித்திருந்தார்.

"அதெல்லாம் தகட்டுல வேண்டாமாம். குடும்பத்துக்கு அசிங்கமாம்," என்றார் எங்கள் முதலாளி செல்வராஜ். கோயம்புத்தூர்க்காரர்.

வேண்டாம் என்றால் எனக்குப் படித்தே ஆக வேண்டும். டீ டயத்தில் படித்தேன். ஒரு தடவை கப்பலை மணல்திட்டில் ஏற்றியிருக்கிறார். ஒரு தடவை துறைமுகச் சுவரில் முட்டியிருக்கிறார். இன்னொரு தடவை, விளக்கு போடாமல் வரிசையாகப் போகும்போது முன்னால் போன கப்பலையே இடித்திருக்கிறார். மூன்றுக்கும் மேலிடத்துக் கண்டனம் உண்டு. ஆனால் ஒவ்வொரு கண்டனத்துக்கும் அப்புறம் முன்னதைவிடப் பெரிய கப்பல் கொடுத்திருக்கிறார்கள்! இங்கே போர்க்லிப்டைச் சுவரில் இடித்தாலே விசா கேன்சல். இவரை மட்டும் எப்படி விட்டார்கள்? அது என் மண்டையைக் குடைந்தது.

நாலு நாள் அந்தக் காகிதத்தோடு மல்லுக்கட்டி, கண்டனத் தேதிகளையும், கடைசிப் பக்கத்தில் பதிவாகியிருந்த அவருடைய கடிதங்களின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. மூன்று தடவையும், விசாரணை என்ற பேச்சு எழும் முன்பே அவர் கைப்பட எழுதி அனுப்பியிருக்கிறார். தவறு தன்னுடையது, டூட்டியில் இருந்த ஆளுடையது இல்லை என்று.

2. இடித்தது

கப்பலின் உடம்பை மெஷினில் வெட்டியது நான். புகைபோக்கி, பீரங்கி, டார்பிடோ குழாய் எல்லாம் ரபீக் பாய் கைவேலை. சிட்டகாங்காரர், டிராயிங் பேப்பரின் மேலேயே அளவெடுத்துச் செய்வார். டார்பிடோ குழாய் என்பது தண்ணீருக்குள் பாயும் குண்டை ஏவும் குழாய்; அது பக்கவாட்டில் திரும்ப வேண்டும். பொருத்திவிட்டுத் திருப்பினேன். நுனி புகைபோக்கியில் இடித்தது.

"பாய், டியூப் லம்பா ஹை," என்றேன், குழாய் நீளமாக இருக்கிறது என்று.

"டியூப் டீக் ஹை. தும்ஹாரா ஜஹாஜ் சோட்டா ஹை," என்றார் பாய். குழாய் சரிதான், உன் கப்பல்தான் சின்னது.

அளந்தேன். பாய் சொன்னதுதான் நிஜம். அந்தக் காலத்து ஆங்கிலேய டிராயிங், அடிக்கு அரைக்கால் அங்குலம். அதாவது தொண்ணூற்றாறில் ஒரு பங்கு. எங்கள் எண்ணெய்க் கப்பல்களெல்லாம் நூறில் ஒரு பங்கு. இத்தனை வருஷப் பழக்கத்தில் என் கை மெஷினில் நூறையே அழுத்திவிட்டது. கப்பல் மூன்றரை சென்டிமீட்டர் குட்டை.

விருந்துக்குப் பத்து நாள் இருந்தது. என் விசா புதுப்பிக்கிற பேப்பர் முதலாளி மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. மகள் காலேஜில் சேர்ந்த வருஷம் அது. குழாய் நுனியை மூன்று மில்லிமீட்டர் ராவினால் போதும், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது. அரத்தைக் கையில் எடுத்தும் விட்டேன். அந்த மூன்று வரி ஞாபகம் வந்தது. வெட்கமாகிவிட்டது. முதலாளியிடம் போனேன்.

"ஏனப்பா முத்து, அந்த மனுசன் டேப் வெச்சு அளக்கவா போறாரு? ராவி உட்டுட்டுக் கண்ணாடியப் போடு."

"ராவிரலாம் சார். ஆனா மொத்தக் கப்பலே தப்பு. புதுசா வெட்டணும். மூணு வாரம் ஆவும்."

"அப்ப விருந்துல என்ன வெப்பாரு, என் தலையையா? வண்டியில ஏறு. நீயே வந்து சொல்லு. உன்ற விசாவை அப்பறம் பாக்கலாம்."

3. ரப்பர்

கப்பலைத் தூக்கிக்கொண்டு துபாயில் பெரியவர் வீட்டுக்குப் போனோம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். பெரியவர் விரலால் குழாயைத் திருப்பினார். இடித்தது. இன்னொரு தடவை திருப்பினார்.

"நான் கண்டுபிடித்திருக்கவே மாட்டேனே. ஏன் சொன்னீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

நான் ரெக்கார்டை விரித்து, அந்தத் தேதிகளைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் படித்தார். தாத்தா கப்பலை இடித்ததை மட்டும்தான் வீட்டில் சொல்லியிருக்கிறார்களாம். அவரே முதலில் ஒப்புக்கொண்டதை யாரும் சொல்லவில்லையாம். எழுந்து போய் மேஜை டிராயரில் எதையோ தேடினார். ரப்பர். அந்த மூன்று வரி மேல் இருந்த பென்சில் கோட்டை ஒவ்வொன்றாக அழித்தார்.

விருந்தில் குட்டைக் கப்பலையே வைத்தார். முதலாளி போய்விட்டு வந்து சொன்னார்: "கப்பல் இன்னும் மணல்திட்டுலதான் நிக்குது, மூணு வாரத்துல மெதக்கும்னு வந்தவங்ககிட்ட அவரே சொல்லீட்டாருப்பா. ஒரே சிரிப்பு."

என் பேப்பரில் கையெழுத்துப் போட்டு மேஜைமேல் தள்ளினார். "இனி அளவப் பாத்து வெட்டு."

பார்க்கிறேன். இப்போதெல்லாம் மெஷினை ஆன் பண்ணும் முன், எத்தனையில் ஒரு பங்கு என்பதை ஒட்டுகிற டேப்பில் எழுதி மெஷின் மேலேயே ஒட்டிவிடுவேன். நீங்களும் ஒட்டுங்கள். ஒட்டியும் ஒரு நாள் தப்பு வரும். வந்தால், கேட்கும் முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

புதுக் கப்பலில் குழாயைத் திருப்பினோம், இடிக்கவில்லை. தகட்டையும் நான்தான் வெட்டினேன். பதவி உயர்வுக்குப் போட்ட அதே எழுத்தளவில் அந்த மூன்று வரியும் இருக்கிறது.