படத்தில் கேட்ட அழுகை

ரொறன்ரோவுக்கு வந்து மூன்றாவது குளிர்காலத்தில் நான் ஒரு படத்தில் நடித்தேன். அதற்கு முன்னும் நடித்ததில்லை, பிறகும் நடிக்கவில்லை. ஆனாலும் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ யாராவது ஒருவர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கள்தானே அந்தப் படத்தில அழுத பிள்ளை?" என்று கேட்பது இன்றைக்கும் நிற்கவில்லை. அழுதது நான் இல்லை என்று சொன்னால் சிரிக்கிறார்கள்.

அந்தப் படம் ஒரு பாடகியின் வாழ்க்கை. ஊரில் வானொலிப் பெட்டி வைத்திருந்த எந்தத் தமிழ் வீட்டிலும் அவருடைய குரல் தெரியாதவர் இல்லை. எங்கள் வீட்டில் மத்தியானம் அவர் பாடத் தொடங்கினால் அப்பா சோற்றில் கையை வைத்தபடி பேசாமல் இருப்பார். அப்படிப்பட்டவர் இங்கே வெக்ஸ்போர்ட்டில், தம்பியின் அப்பாட்மென்றில், தம்பியின் பிள்ளைகளுக்குத் தலை இழுத்துப் பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். கூட்டங்களுக்குக் கூப்பிட்டால் வருவார். பாடச் சொன்னால் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "சரியில்லை" என்பார். 83 ஆடிக் கலவரத்தில் அவருடைய கணவர் கொழும்பில் கொல்லப்பட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் இரண்டாம் தரம் யாரும் வற்புறுத்துவதில்லை.

படம் எடுத்தவரை நாங்கள் எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பில் மேடை நாடகங்கள் போட்டவர். இங்கே கிழமை நாட்களில் ஒரு ரெஸ்ரோரண்டில் வெங்காயம் வெட்டினார். சனி ஞாயிறில் கல்யாண வீடியோ எடுத்தார். அந்தக் கமராவால் ஒரு முழுப் படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய வெறி. ஒரு சரஸ்வதி பூசையில் நான் பாடியதைக் கேட்டுவிட்டு, பாடகியின் வேடத்துக்கு என்னைக் கேட்டார். நான் அப்போது பிளாஸ்ரிக் போத்தல் செய்யும் ஒரு ஃபக்ரறியில் வேலைக்கு நின்றேன். வேலையும் பஸ்ஸும் நித்திரையுமாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கை. உடனே ஓம் என்றேன்.

பாடகி அன்ரி தன் கதையைப் படமாக்க எப்படிச் சம்மதித்தார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. முதல் நாள் ஒத்திகையில் அது விளங்கியது. கணவராக நடிக்கப் பலரை அண்ணை கூப்பிட்டிருந்தார். அன்ரி ஒவ்வொருவரையும் அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நடக்கச் சொன்னார். கடைசியில் காஸ் ஸ்ரேஷனில் வேலை செய்கிற ஒரு மெலிந்த இளைஞரைக் காட்டி, "இவர்" என்றார். கிட்டப் போய் அவருடைய மேல் பட்டனைக் கழற்றிவிட்டார். யாரிடமோ வாங்கிய பேனையைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு பின்னால் நகர்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வீடு எரிஞ்சதில ஒரு படமும் மிஞ்சேல்லைப் பிள்ளை," என்று திரும்பிப் போகும்போது பஸ்ஸில் என்னிடம் சொன்னார். "அவற்ர முகம் எனக்கே இப்ப கலங்கிக் கலங்கித்தான் வருகுது."

படப்பிடிப்பு தை மாதம் தொடங்கியது. மில்லிக்கனில் அண்ணையின் நண்பர் ஒருவர் புதிதாக வாங்கிய வீடு. கீழே பேஸ்மென்றில் இன்னும் சுவர்ப் பலகைகூட அடிக்கவில்லை. யன்னலில் வேட்டியைத் தொங்கவிட்டு வெளியிலிருந்த பனியை மறைத்தோம். உள்ளே கொழும்பு. எங்கள் முகத்தில் தண்ணீரைத் தெளித்து வியர்வை என்றார்கள். பருத்திச் சேலையோடு பல்லுக் கிடுகிடுக்க நான் விசிறியால் விசிறினேன். கல்யாணக் காட்சி, முதல் முதல் வானொலிக்குப் பாடப் போன காட்சி, மனைவி பாடி முடிக்கும்வரை வெளியில் மோட்டார் சைக்கிளோடு கணவர் காத்துநிற்கிற காட்சி எல்லாம் சந்தோஷமாகவே எடுத்தோம். கலவரக் காட்சி மட்டும் மிஞ்சியது.

அண்ணை எழுதியபடி, பக்கத்து வீட்டில் ஒளிந்திருக்கும் பாடகி கணவரின் அலறலைக் கேட்டு வெளியில் ஓடி வருவார். தெருவில் கிடக்கும் உடம்பின் மேல் விழுந்து ஒப்பாரி வைப்பார். அந்த ஒப்பாரி அவருடைய பழைய பாட்டு ஒன்றாக மாறும். அதை எப்படி அழுது நடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கலாமா கூடாதா என்று பல நாள் யோசித்துவிட்டு, ஒரு சனிக்கிழமை பகல் அன்ரியிடம் போனேன். பிள்ளைகள் ரிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் குசினியில் அவர்களுடைய சட்டைகளை அயன் பண்ணிக்கொண்டிருந்தார்.

"அன்ரி, குறை நினைக்கக் கூடாது. அண்டைக்கு நீங்கள் எப்பிடி அழுதனீங்கள்?"

அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"நான் அழேல்லை."

அயன் பண்ணிய சட்டை ஒன்றை மடித்து வைத்தார்.

"பக்கத்து வீட்டுச் சிங்கள மனிசி என்னைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு போய்த் தன்ர பாத்ரூமுக்குள்ள விட்டது. இவர் அப்ப கந்தோர் வேலை முடிஞ்சு வந்து சேரேல்லை. தன்ர ரெண்டு பிள்ளையளையும் கொண்டுவந்து என்னோட இருத்திப் போட்டு, சத்தம் கேளாமல் இருக்க பைப்பைத் திறந்துவிட்டது. தானும் உள்ளுக்கு வந்து கதவைப் பூட்டிப் போட்டுது. கொஞ்ச நேரத்தில இவர் ஒழுங்கைக்குள்ள வந்திட்டார். எங்கட வீடு எரியிறதைக் கண்டிருப்பார். நான் உள்ளுக்கு இருக்கிறன் எண்டு நினைச்சிருப்பார். என்ர பேரைச் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்."

முன்னறையில் பிள்ளைகள் ஏதோ கார்ட்டூனுக்குக் கெக்கட்டம் விட்டுச் சிரித்தார்கள். அன்ரி அவர்கள் ஓயும்வரை நின்றார்.

"அந்த மனிசி என்ர வாயைப் பொத்தினது. பிறகு கையை எடுத்திட்டுது. அதுக்குப் பிறகு நான்தான் பிள்ளை, துவாயை எடுத்து வாய்க்குள்ள வைச்சுக் கடிச்சது. ஒரு சத்தம் போட்டிருந்தால் அவருக்கு நான் எங்க இருக்கிறன் எண்டு தெரிஞ்சிருக்கும். என்ர குரல் எங்கயிருந்து வந்தாலும் அவர் கண்டுபிடிப்பார். ஆனால் வீட்டை எரிச்சவங்களும் கண்டுபிடிச்சிருப்பாங்கள். அந்தப் பிள்ளையள் என்ர மடியில இருந்துதுகள். அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு கூப்பிடேல்லை."

அயன்பெட்டியைத் திரும்பவும் எடுத்தார். "அதுக்குப் பிறகு பாட வாயைத் திறந்தால் ஏலாமல் கிடக்கு. தொண்டையில ஒண்டுமில்லை."

அன்று பின்னேரமே அண்ணையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கதிரையில் இருந்தபடி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "நான் என்னத்தை எழுதி வைச்சிருக்கிறன், தங்கச்சி," என்றார். "அப்பிடியே எடுப்பம். நடந்தபடியே எடுப்பம்."

அப்படியே எடுத்தோம். மேல் மாடிக் குளியலறையில், வீட்டுக்காரரின் மனைவி அந்தச் சிங்கள மனிசியாகக் கதவோடு நிற்க, அவர்களுடைய இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொண்டு துவாயைக் கடித்தேன். பைப் ஓடியது. காஸ் ஸ்ரேஷன் இளைஞர் கீழே படிக்கட்டில் நின்று கூப்பிட்டார். முதலில் நடிப்பாகத்தான் கூப்பிட்டார். போகப் போக அவருடைய குரல் உடைந்தது. அவருக்கும் ஒரு தமையன் கலவரம் நடந்த அந்தக் கிழமைதான் காணாமல் போனவர் என்று பிறகு சொன்னார்கள். நானும் அந்த நாட்களில் கொழும்பில்தான், ஒரு பள்ளிக்கூட அகதி முகாமில் இருந்தேன். மடியில் இருந்த சின்னவன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு உண்மையாகவே அழத் தொடங்கினான். அண்ணை கமராவை நிற்பாட்ட மறந்து சுவரோடு சாய்ந்து நின்றார். நல்ல காரியம் ஒன்று செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சித்திரையில் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் படத்தைப் போட்டார்கள். இருக்க இடமில்லாமல் சனம் சுவரோரமாக நின்றது. அன்ரி முன்வரிசையில், தம்பி குடும்பத்தோடு. நான் அவருக்குப் பக்கத்தில். கணவராக நடித்தவர் திரையில் வரும்போதெல்லாம் அன்ரி கதிரையின் நுனிக்கு வந்துவிடுவார்.

குளியலறைக் காட்சி வந்தது. துவாயோடு என் முகம். தண்ணீர்ச் சத்தம். அவர் கூப்பிடுகிறார். திடீரென்று ஒரு பெண்ணின் அலறல். மண்டபமே அதிர்ந்தது. பிறகு தெருவில் கிடக்கும் உடம்பு. என்னுடைய சேலையைக் கட்டிய யாரோ ஒரு பெண் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடிவந்து அதன் மேல் விழுகிறாள். அவளுடைய ஒப்பாரிக்குள்ளிருந்து அன்ரியின் பழைய வானொலிப் பாட்டு, அந்த இளமைக் குரலில், மெதுவாக எழும்பியது. எனக்குப் பின்னால் எல்லோரும் விம்மி விம்மி அழுதார்கள். நான் அன்ரியைப் பார்க்கப் பயந்தேன். பார்த்தபோது அவர் தன்னுடைய தொண்டையில் கையை வைத்திருந்தார்.

முடிந்ததும் அன்ரியை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்தார்கள். "நன்றி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார்.

அண்ணையை மண்டபத்துக்கு வெளியில் பிடித்தேன்.

"ஏன் அண்ணை உப்பிடிச் செய்தனீங்கள்?"

"சத்தமில்லாமல் விட்டால் வீடியோக் கசற் பழுது எண்டு நினைப்பினம், தங்கச்சி."

"விளையாடாதேங்கோ."

அவர் முகம் மாறியது. "முதல் உள்ளபடியேதான் வெட்டி ஒட்டினனான். நாலைஞ்சு பேரைக் கூப்பிட்டுப் போட்டும் காட்டினனான். பார்த்து முடிய ஒராள் என்ன கேட்டவர் தெரியுமோ? 'புருசன் கூப்பிடக் கூப்பிட உவ ஒளிச்சுக்கொண்டே இருந்தவ?' எண்டு கேட்டவர். மற்றவையும் தலையை ஆட்டினவை. அந்த மனிசி நாளைக்கு உந்தச் சனத்துக்குள்ள தலை நிமிர்ந்து போக வேண்டாமோ? நீ சொல்லு."

கோபம் ஆறாமலே பஸ்ஸுக்கு நடந்தேன்.

மன்னிப்புக் கேட்க அன்ரியிடம் போனேன். "உன்னில என்ன பிழை?" என்று தேத்தண்ணி தந்தார். படம் தமிழ்க் கடைகளில் வீடியோக் கசற்றாக வந்துவிட்டது. கோயிலில் பெண்கள் அவரைக் கட்டிப்பிடித்து, "அக்கா, நீங்கள் அழுத அழுகையை எங்களால தாங்க முடியேல்லை" என்றார்கள். அவர் "ஓம், ஓம்" என்று கேட்டுக்கொண்டு நின்றார். வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கசற்றைப் போட்டு, கணவர் வருகிற இடங்களை மட்டும் பார்ப்பாராம். மோட்டார் சைக்கிள் காட்சியைத் திரும்பத் திரும்பச் சுற்றிப் பார்த்ததில் அந்த இடத்தில் நாடா தேய்ந்து கோடு விழுந்துவிட்டது. கலவரக் காட்சிக்கு முதலே நிற்பாட்டிவிடுவாராம்.

ஒரு நாள் நிற்பாட்டவில்லை. அதைப் பற்றி அவரே எனக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னார்.

"பிள்ளை, படத்தில நான் வெளிய ஓடி வாறன். சரி. அப்ப அந்த மனிசிக்கும் பிள்ளையளுக்கும் என்ன நடந்தது? பாத்ரூமுக்குள்ள அதுகளைக் காட்டினவை. பிறகு காட்டேல்லை. இவ்வளவு சனம் பார்த்திருக்கு, ஒருத்தரும் அதைக் கேக்கேல்லையே."

அடுத்த ஆடியில் நினைவுக் கூட்டம் ஒன்றுக்கு அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். இந்தமுறை மைக்கைக் கேட்டு வாங்கினார். பாடப் போகிறார் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. அவர் கைதட்டு அடங்கும்வரை பொறுத்திருந்துவிட்டு, என்னிடம் குசினியில் சொன்னதைப் போலவே, அதே சின்னக் குரலில், எல்லாவற்றையும் சொன்னார். "நான் அழேல்லை. நான் வெளிய வரேல்லை. அந்த வீட்டில ரெண்டு பிள்ளையள் இருந்ததுகள். அதுகள் இண்டைக்கு உயிரோட இருக்குதுகள். படத்தில அது இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

பின்வரிசையில் யாரோ கதிரையை இழுத்து எழும்பினார். அறிவிப்பாளர் ஓடிவந்து மைக்கை வாங்கி, அடுத்த நிகழ்ச்சி நடனம் என்றார்.

வெளியில் தேத்தண்ணி கொடுக்கிற இடத்தில் இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் நின்று கதைத்தார்கள். அன்ரிக்குத் தெரிந்தவர்கள், நல்லவர்கள்.

"பாவம், அதிர்ச்சியில ஞாபகம் எல்லாம் மாறிப் போச்சு."

"ஓமோம். படத்தில சரியாத்தானே காட்டினவை."

அன்ரி என் பின்னால்தான் நின்றார். அவர்களுக்கு அது தெரியாது. நான் திரும்பி ஏதோ சொல்ல வாய் எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்தார். "விடு," என்றார். "சொல்ல வேண்டியதைச் சொல்லிப் போட்டன்."

அதற்குப் பிறகு கூட்டங்களுக்கு அவரை அவ்வளவாகக் கூப்பிடவில்லை. கோயிலில் கட்டிப்பிடிக்கிற கைகளும் குறைந்தன. அண்ணை ஒரு நாள் வந்து, விரும்பினால் அந்தக் காட்சியைத் திருத்தித் தருவதாகச் சொன்னாராம். ஆனால் ஏற்கெனவே ஊரெல்லாம் பரவிய கசற்றுகளை யார் போய்த் திருப்பி வாங்குவது? இருவரும் தேத்தண்ணி குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

கடைசியாக அவரைக் கண்டது ஒரு பின்னேரம், வோர்டன் ரோட்டுப் பஸ்ஸில். பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தார். அந்தச் சிங்கள மனிசியின் மூத்த பிள்ளை இப்போது பெரிய வகுப்புப் படிக்கும், என்ன படிக்குமோ தெரியாது என்றார். "என்னை அதுக்கு ஞாபகமிருக்குமோ பிள்ளை? பாத்ரூமுக்குள்ள இருந்தது ஞாபகமிருக்குமோ?"

"சின்னப் பிள்ளைதானே அன்ரி. மறந்திருக்கும்."

"மறந்திருந்தால் நல்லது," என்றார். இறங்குவதற்குச் சப்பாத்துப் பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பிறகு, "ஆனால் ஒராளுக்காவது ஞாபகம் இருக்க வேணும்," என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார்.