கழுத்துக்கு வராத மாலை

எங்கள் எம்.எல்.ஏ.வுக்கு மாலை போடுவது லேசுப்பட்ட காரியமல்ல. சட்டசபைக் கூட்டம் முடிந்து வந்ததும் தொகுதியில் ஊர் ஊராக வருவார். ஆந்திர எல்லைக்குள் சித்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் மாரியம்மன் கோயிலுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போடுவார்கள். யாராவது ஆசையாக மாலையைத் தூக்கிக்கொண்டு போனால், "மொதல்ல நான் அங்க போயி இன்னா செஞ்சேன்னு கேளுங்க, அப்பறமா போடலாம்" என்று அதை வாங்கி வேப்பங்கிளையில் மாட்டிவிடுவார். எதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார், எதை எதிர்த்தார், அடுத்து எதற்காகச் சண்டை போடப்போகிறார், எல்லாம் சொல்லுவார். கேட்டு முடித்த பிறகு ஒருவருக்கு மனத்தாங்கல் இருந்தாலும் மாலை அவர் கழுத்துக்கு வராது, அம்மனுக்குப் போய்விடும்.

நான் இங்கே உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர். அரசியல்வாதி என்றாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதிலும் இவர் பழங்காலத்து ஆள். நெற்றி நிறைய நாமம், மாதம் தவறாமல் அலிபிரி அடிவாரத்திலிருந்து வெறுங்காலோடு திருப்பதி மலையேற்றம். காதல் கல்யாணம் என்று காதில் விழுந்தால் முகம் சுருங்கிவிடும். வீட்டுக்காரர் போன பிறகு என்னைத் தாம்பூலத் தட்டுப் பக்கம் அண்டவிடாத ஊர் இது. அந்த ஊர் இவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால் எனக்கு எப்படியிருக்கும்?

என் மகள் செல்போன் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளை லைன் லீடராக்கக் கூப்பிட்டார்கள். லைன் லீடர் என்றால் நைட் ஷிப்டும் பார்க்கவேண்டும். பெண்கள் இரவில் வேலை செய்வதற்கு இருந்த தடையை எடுக்க அப்போதுதான் சபையில் மசோதா வந்தது. மகள் செய்திச் சேனலை விட்டு நகரவில்லை. எனக்கோ அவள் திரும்பி வரும் வழிதான் கவலை. கம்பெனி பஸ் ஹைவே முனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் வரும் வழியில் விளக்குக் கம்பம்கூடக் கிடையாது. வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, போ என்று சொல்லத் தைரியம் வரவில்லை. கம்பெனிக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போட்டு, அவள் என் சம்மதத்துக்காகக் காத்திருந்தாள்.

அந்தக் கூட்டத்தொடர் முடிந்து அவர் வந்தார். நமக்குப் பிடிக்காததைத்தான் முதலில் சொல்லுவார், அது அவர் வழக்கம்.

"பொண்ணுங்க ராத்திரி வேலை செய்யலாம்னு சட்டம் வந்துச்சி. எங்க கட்சியே கொண்டாந்தது. நான் வேணாம்னு ஓட்டுப் போட்டேன். தோத்துட்டேன், சட்டம் பாஸ் ஆயிடுச்சி."

ஊரே தலையாட்டியது. என் மகள் மட்டும் எழுந்து நின்றாள்.

"என் வேலைக்கு ஆப்பு வெக்கறதுக்கா சார் உங்கள அங்க அனுப்பனோம்?"

யாரோ அவளை உட்காரச் சொல்லி அதட்டினார்கள். அவர் கையைக் காட்டி அவர்களை அடக்கினார்.

"கேக்கட்டும், கேக்கத்தான வந்துகீறேன். பொம்பள பிள்ளைங்க பொழுதோட வீடு சேரணும்னு நெனைக்கிறவன் நான், பாப்பா. உனக்காக மாத்திப் பேசமாட்டேன். ஆனா சட்டம் வந்துடுச்சி. இனிமே அத தடுக்கறது என் வேல கெடையாது. நீ முழுசா வீடு வந்து சேர்றியான்னு பாக்கறதுதான் என் வேல. ஊருக்குள்ள வேன் வரணும், ரோட்டுக்கு லைட் வரணும். ஏரிக் கால்வாய், தமிழ் மீடியத்துக்கு வாத்தியார் போஸ்டு, எல்லாத்துக்கும் முன்னாடி அதத்தான் கேக்கப்போறேன்."

"நல்லாத்தான் பேசறாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே மகள் உட்கார்ந்தாள். மாலை அன்று அம்மனுக்குப் போனது. அவர் எந்த வருத்தமும் காட்டாமல் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

வாய்ச்சவடால் என்றுதான் நினைத்தேன். ஆனால் மனுஷன் விடவில்லை. கம்பெனிக்கும் சித்தூர் கலெக்டர் ஆபீசுக்கும் நடையாய் நடந்தார். மழைக்காலம் முடிவதற்குள் எங்கள் தெருவுக்குள் வேன் வந்தது, ஹைவே முனைவரை விளக்கும் எரிந்தது. தான் தோற்றுப்போன சட்டத்துக்காக இப்படி அலைந்த ஆளை நான் பார்த்ததில்லை. வேன் வந்த பிறகுதான் மகளிடம் சரி என்றேன்.

அடுத்த கூட்டத்துக்கு அவர் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மாலை கிளையில் தொங்கியது, அவர் பேசிக்கொண்டிருந்தார். அப்போது நைட் ஷிப்டுக்கு ஏற்றிப்போகும் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தது. அவருடைய கார் தெருவை அடைத்துக்கொண்டு நின்றது, டிரைவர் டீக்கடைக்குப் போயிருந்தான். அவர் பாதிப் பேச்சில் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே காரை ரிவர்ஸ் எடுத்து வழிவிட்டார்.

மகள் டிபன் பையோடு ஓடிவந்தாள். "இப்பவாவது ஒத்துக்கறீங்களா சார்?"

"இல்ல பாப்பா. நாளைக்கு ஓட்டு வந்தாலும் வேணாம்னுதான் போடுவேன். நீ பத்திரமா போய்ட்டு வா."

அவள் சிரித்துவிட்டாள். கிளையிலிருந்த மாலையை எட்டி எடுத்து என் கையில் திணித்தாள். "நீயே போட்டுடும்மா, எனக்கு டைம் ஆவுது." வேன் கிளம்பிவிட்டது.

மாலையோடு நான் நடுவில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு அம்மாள், "டீச்சர், நீங்க வேணாம், வேற யாராச்சும் போடட்டும்" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாஸ்திரம் பார்க்கும் அவரும் இந்த ஊர் சொல்வதற்குச் சரி என்றுதான் சொல்வார், மாலையை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று திரும்பினேன்.

"ஏம்மா, எங்க போறீங்க?" என்றார் அவர். "போன தடவ என்மேல மனத்தாங்கல் உங்க ஊட்லதான இருந்திச்சி. அது தீந்துச்சின்னா நீங்கதான் போடணும்."

சொல்லிவிட்டு, நாமம் போட்ட அந்தத் தலையை ஊர் முன்னால் என் கைக்கு எட்டுமளவு தாழ்த்தினார். கணவர் போன பிறகு முதல் தடவையாக என் கையால் ஒருவருக்கு மாலை போட்டேன்.