நாலடி பால்ஸ்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகன் என்னை ஒரு அருவிக்குக் கூட்டிப் போனான். ராயக்கோட்டை ரோட்டில், மாந்தோப்புக்கு நடுவில், சிமெண்டில் பாறை கட்டி மோட்டாரில் தண்ணீர் ஏற்றிக் கொட்டுகிறார்கள். நாங்கள் போனபோது பாறை காய்ந்து கிடந்தது. "மோட்டாருக்கு ரெஸ்ட்டு தாத்தா, மூணு மணிக்குப் போடுவோம்" என்றார் டிக்கெட் கிழிப்பவர். நான் சிரித்தேன். மகனுக்குக் காரணம் புரியவில்லை. புரிந்திருக்க வேண்டியவள் செத்து ஆறு வருசம் ஆகிறது.

தரையில் அழுகின மாம்பழமும் ஈரச் சிமெண்டும் சேர்ந்து நாறின. இந்த நாற்றத்தில் நான் ஒரு வருசம் தூங்கியிருக்கிறேன். நம்பமாட்டீர்கள், நல்ல தூக்கம்தான்.

ஐம்பதுகளின் கடைசி. கிருஷ்ணகிரிப் பக்கம் அணைத் தண்ணீருக்குக் கால்வாய் வெட்டினார்கள். நான் கொத்தனார், வயது இருபத்திரண்டு. பெங்களூரா ரக மாந்தோப்பு ஒன்றில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு தனியாக இருந்தேன். பேச்சுத் துணைக்குத் தோப்புக் காவல்காரர் வெங்கட்டப்பா. அவருக்குத் தெலுங்குதான் வரும், எனக்கு அது வராது. பேச்சு என்ன பெரிய பேச்சு, அவர் மாங்காய் கொடுப்பார், நான் பீடி கொடுப்பேன்.

கால்வாய் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் கல்லால் ஒரு படி கட்டினோம். ஓவர்சியர் அதை 'ஃபால்' என்பார், வரைபடத்திலும் அப்படித்தான் எழுதியிருந்தது. எனக்குத் தெரிந்த பால்ஸ் ஒகேனக்கல் ஒன்றுதான். ஆக நான் பால்ஸ் கட்டுகிறேன்! அன்றைக்கே ஊருக்குக் கடிதம் போட்டேன். கல்யாணமாகி ஒரு மாதம்தான். மனைவி மாதம்மா ஊரில் என் அம்மாவோடு இருந்தாள். "ஆடிக்கு உன் தாய்வீட்டுக்குப் போகிற வழியில் வந்து என் பால்ஸைப் பார். சனிக்கிழமை வெள்ளோட்டம்" என்று எழுதினேன். நாலடி உயரம் என்பதை மட்டும் எழுதவில்லை. பொய் சொல்லவில்லை, எழுதவில்லை, அவ்வளவுதான்.

வந்தாள், அண்ணன் துணையோடு, மாற்றுச் சேலை மூட்டையோடு. குளிப்பதற்காம். வெள்ளோட்டத்தை ஓவர்சியர் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார், அதை எனக்குச் சொல்லவும் இல்லை. காய்ந்த கல் முன்னால் நின்றாள்.

"இதாங்க உங்க பால்ஸு? எங்கூட்டுப் படி இதவிட ஒசரமா இருக்குமே."

அண்ணன்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வெங்கட்டப்பா வேறு, "ரேப்பு காது, எல்லுண்டி நீள்ளு" என்று இரண்டு விரலைக் காட்டினார். நாளைக்கு இல்லை, நாளை மறுநாள்தான் தண்ணீராம்.

"திங்கக்கெழம வரைக்கும் இரு. தண்ணி விழறப்ப பாரு."

"திங்கக்கெழம ஆடி பொறக்குது. புதுப்பொண்ணு புருசங்கூட இருந்தேன்னு தெரிஞ்சா எங்கம்மா தோலை உரிச்சுடும்."

"அப்ப எதுக்கு நிக்கற, இன்னைக்கே கெளம்பு. பால்ஸு பாக்க வந்த மூஞ்சியப் பாரு."

சொன்ன வாயை அப்போதே தைத்திருக்கலாம். மூட்டையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை காலையில் தண்ணீர் வந்தது. முதலில் சருகு, செத்த ஓணான், பிறகு செம்மண் தண்ணீர், அப்புறம் தெளிந்து, கல்லில் கண்ணாடி மாதிரி வளைந்து விழுந்தது. நாலடிதான். சத்தம் தோப்பு முழுக்கக் கேட்டது. ஓவர்சியர் தேங்காய் உடைத்துவிட்டுப் போய்விட்டார். நான் இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் கல்லில் ஓர் ஆள் உட்காரும் இடம் காலியாக இருந்தது.

ஆவணி பிறந்ததும் போய் அழைத்து வந்திருக்க வேண்டும். போகவில்லை, வீம்பு. தீபாவளிக்குத்தான் போனேன். அதற்குள் வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. அந்தத் தண்ணீரை அவள் கடைசிவரை பார்க்கவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அவளும் விடவில்லை. ஐம்பது வருசத்துக்கு மேல் அந்தச் சொல் எங்கள் வீட்டில் ஓடியது. குழம்பு தண்ணியாக இருந்தால் பால்ஸ். ஓட்டுக் கேட்டு வந்தவன் பேசிவிட்டுப் போனால், "பெரிய பால்ஸுங்க." நான் புதுச்சட்டை போட்டால் ஏற இறங்கப் பார்த்து, "ம், பால்ஸு." பிள்ளைகள் முன்னால் சொல்லமாட்டாள். எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான்.

திரும்பும்போது அந்தத் தோப்புப் பக்கம் வண்டியை விடச் சொன்னேன். தோப்பு இல்லை, கம்பெனி மதில் நிற்கிறது. கால்வாயை அந்த இடத்தில் மூடிவிட்டார்கள். காவலுக்கு நின்றவர் இந்திக்காரர், அவரிடம் நான் என்னத்தைக் கேட்பது?

நேற்று ரசம் வெறும் தண்ணீர். வாய் தவறி, "பால்ஸு" என்றேன். மருமகள் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"மறுபடியும் போகணுமா மாமா? வர ஞாயித்துக்கெழம போலாம், மோட்டார் ஓடுதான்னு போன் பண்ணிக் கேட்டுட்டுப் போலாம்."